நிரப்பாமல் விட்டிருந்த கட்டம்

அந்த ஆபீஸில் அண்ணனுக்கு நாற்காலி கிடையாது. ரிக்கார்டு அறை வாசலில் ஒரு தகரப் பெட்டி கிடக்கும். பழைய காகிதக் கட்டுகளை அடைத்துப் பூட்டி, சாவி தொலைந்துபோன பெட்டி. அதன்மேல் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருப்பார். உடம்பில் மாமனார் கொடுத்த கறுப்புக் கோட்டு இருக்கும். அதன் தோள் இரண்டும் அவருக்குப் பெரியவை. தலைப்பாகை இல்லாமல் ஆபீஸுக்குள் வரக்கூடாது என்பதால், வீதியெல்லாம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, படியேறும்போது எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை அவரை அந்தக் கோலத்தில்தான் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்தேன் என்று சொல்வதே பெருமைக்குத்தான். சம்பளம் கிடையாது.

"புதுசா வந்திருக்கியா? இங்கிட்டு வா தம்பி. இந்தப் பெட்டி ரெண்டு பேரத் தாங்கும்" என்று நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு ஊர் விராலிமலை. எனக்கு வல்லத்திராக்கோட்டை. ஆபீஸில் எல்லாரும் அவரை 'விராலிமலையான்' என்றார்கள். நான் அன்றிலிருந்து அண்ணன் என்றேன்.

யுத்த காலம் அது. புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தக் கட்டடமும் இப்போது இல்லை, அதில் இருந்தவர்களும் இல்லை. பள்ளிக்கூடப் படிப்பை முடித்த பையன்களுக்கு அன்றைக்கு உள்ளூரில் இருந்த வழி இதுதான். யாராவது ஒரு பெரிய மனிதரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு ஆபீஸில் போய் 'அப்ரண்டிஸ்' என்று உட்கார வேண்டும். பேனாவும் மைக்கூடும் நம்முடையவை. காலை பத்து மணிக்கு வந்து, குமாஸ்தாக்கள் எழுத வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்து, சாயங்காலம் விளக்கு வைக்கும்போது போக வேண்டும். என்றைக்காவது ஒரு குமாஸ்தா ஓய்வு பெற்றாலோ செத்துப்போனாலோ அந்த இடம் நமக்கு. எத்தனை வருஷம் என்று கேட்கக்கூடாது. சம்பளக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, ஆபீஸின் பாதி வேலை எங்கள் கையால் நடந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பழக்கம். நாங்கள் பழகுகிறோமாம்.

எங்களுக்கென்று ஒரு ஜாபிதா இருந்தது. யார் எந்த நாளில் வந்து சேர்ந்தான் என்ற வரிசைப் பட்டியல். அதில் முதல் பெயர் அண்ணனுடையது. சேர்ந்து ஐந்து வருஷமாகியிருந்தது. இடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒருவன் பட்டாளத்துக்குப் போனான், ஒருவன் திருச்சியில் துணிக்கடைக்குப் போனான். மிஞ்சியவர்கள் அண்ணனும் நானும்தான். வரிசைப்படி அடுத்த இடம் அவருக்கு, அதற்கடுத்தது எனக்கு. இதில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை.

அந்த ஜாபிதாவில் வயது என்று ஒரு கட்டம் உண்டு. அண்ணன் பெயருக்கு நேரே அது மட்டும் காலியாக இருந்தது. ஐந்து வருஷமாக யாரும் அதை நிரப்பவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது. விஜயதசமி அன்று அவருடைய அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் வைக்கப் போயிருக்கிறார்கள். 'நானும் வருவேன்' என்று இவரும் அழுது கூடப் போயிருக்கிறார். அப்போது இவருக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய அப்பா யோசித்திருக்கிறார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வாத்தியாருக்கு வேட்டி எல்லாம் வைத்தாகிவிட்டது. நாளும் நல்ல நாள். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு தட்டு எதற்கு? ஒரே தட்டில் இரண்டு பேரையும் வைத்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி எழுதிய சீட்டை யாரும் கேட்கிற காலமில்லை. வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று அர்த்தம்.

"எங்கண்ணன் தொட்டுட்டான். எனக்கு ஒரு விரக்கடை எட்டல. வாத்தியாரு என் தலைய ஒரு அமுக்கு அமுக்குனாரு பாரு, காது தன்னால கைக்கு வந்துருச்சு" என்றார்.

வாத்தியார் இருவருக்கும் ஒரே பிறந்த தேதியை எழுதிவிட்டார். காகிதத்தில் அவர்கள் இரட்டைப் பிள்ளைகள். மூத்தவர் மூன்றாம் வகுப்போடு நின்று கலப்பையைப் பிடித்துவிட்டார். அவருக்குத் தேதியால் நஷ்டமில்லை. இவர் படித்தார். சர்ட்டிபிகேட்டில் இரண்டு வயது கூடுதலாகவே ஏறிவிட்டது. வீட்டில் ஜாதகம் இருக்கிறது, பிறந்த நாள் நட்சத்திரம் எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. திருத்தலாம் என்று நினைத்து நினைத்து நாள் ஓடிவிட்டது. ஹெட் கிளார்க் நல்ல மனிதர். அவருக்கு இந்தக் கதை தெரியும். ஆனபடியால் அந்தக் கட்டத்தைத் தொடாமலே விட்டுவைத்திருந்தார்.

அண்ணன் சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவார். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியை எரித்து பஸ் ஓட்டிய காலம். இலுப்பூர் வழியாகப் போகும் கரி பஸ்ஸில் ஏறினால் ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். திங்கட்கிழமை காலை கோட்டில் கரித்தூளோடு வந்து நிற்பார். அவர் சம்சாரம் அப்போது முழுகாமல் இருந்தார். மாமனார் வீட்டில்தான் எல்லாச் செலவும். "மாமனாரு இன்னமும் ஒன்னும் சொல்லல தம்பி. சாப்பாடு போடையில மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாரு, அம்புட்டுத்தான்" என்று ஒருநாள் சொன்னார். மனைவிக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் தன் கையால் சோறு போடத் தனக்கென்று ஒரு உத்தியோகம், அதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை. என் கதையும் ஏறக்குறைய அதுதான். எங்கள் அப்பா ஒரு வருஷக் கெடு வைத்திருந்தார். அதற்குள் ஆகவில்லையென்றால் ஊருக்கு வந்து ஏர் பிடிக்க வேண்டும். படித்ததெல்லாம் வீண் என்று ஊரே சொல்லும். அந்தச் சொல்லுக்கு நான் நடுங்கினேன். சேற்றுக்கு நடுங்கியதைவிட அதிகமாக நடுங்கினேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நல்ல உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு என்று கேலியாகச் சொல்லவில்லை. எழுதியவர் யாரோ, நிஜமாகவே இளைஞர்கள்மேல் இரக்கம் உள்ளவராக இருந்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பையன்களைச் சம்பளமில்லாமல் வருஷக்கணக்கில் வேலை வாங்குவது தகாது. இனிமேல் அப்ரண்டிஸ் என்று யாரையும் சும்மா வைத்துக்கொள்ளக்கூடாது. இப்போது இருக்கிறவர்களின் ஜாபிதாவை எல்லாக் கட்டங்களையும் நிரப்பி அனுப்ப வேண்டும். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களைக் காலி இடங்களில் நிரந்தரமாக நியமிக்கலாம் என்று இருந்தது. வயதில் ஆட்சேபம் உள்ளவர்கள் அத்தாட்சியை ஜாபிதாவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஜாபிதா போன பிறகு வரும் மனு எதுவும் பார்க்கப்படாது என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஒரே ஒரு இடம்.

அந்த உத்தரவு வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு ஹெட் கிளார்க் இல்லை. கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணனும் இல்லை. பிள்ளை பிறந்திருக்கிறது என்று தகவல் வந்து, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு முதல் நாளே ஊருக்குப் போயிருந்தார். ஆக்டிங் ஹெட் கிளார்க்குக்கு எங்கள் கதைகள் எதுவும் தெரியாது. உத்தரவை என்னிடம் கொடுத்து, "ஒனக்குத்தான் கையெழுத்து நல்லாருக்கு. சுத்தமா ஒரு காப்பி எழுது. புதன்கிழமைக்குள்ள போகணும்" என்றார்.

புதன்கிழமை. இதை நான் மறக்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அண்ணன் வந்த பிறகும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஜாதகத்தை எடுத்துவரச் சொல்லி யாரிடமாவது சொல்லி அனுப்பலாம். விராலிமலை பஸ் தினமும் போகிறது, டிரைவரிடம் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தால் போதும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஹெட் கிளார்க்கிடம் கேட்கலாம். இவை எல்லாமே எனக்குத் தோன்றின. தோன்றவில்லை என்று இத்தனை வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வெள்ளிக்கிழமை காலை ஜாபிதாவை எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்தப் பெட்டி முழுவதும் எனக்கே. அண்ணன் பெயரை எழுதினேன். சேர்ந்த தேதியை எழுதினேன். வயதுக் கட்டம் வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். காகிதக் கட்டை அவிழ்த்து அவருடைய சர்ட்டிபிகேட்டை எடுத்தேன். அதில் இருந்த தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டு, இருபத்தாறு என்று எழுதினேன். எழுத்து அழகாக வந்தது. என் பெயருக்கு நேரே இருபத்தொன்று என்று எழுதினேன். உள்ளதைத்தானே எழுதுகிறோம், சர்க்கார் காகிதத்தில் இருப்பதற்கு மாறாக எழுத நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோக்கியனுக்கு இவ்வளவு வாதம் தேவைப்பட்டிருக்காது. சனிக்கிழமை மத்தியானம் ஆக்டிங் ஹெட் கிளார்க்கிடம் நானே நீட்டினேன். "புதன்கிழமைக்குத்தானே சொன்னேன், அதுக்குள்ள முடிச்சிட்டியா" என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். அன்றைய தபாலிலேயே அது போயிற்று.

திங்கட்கிழமை அண்ணன் கோட்டுப் பையில் கல்கண்டுப் பொட்டலத்தோடு வந்தார். ஆண் பிள்ளை. ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கொடுத்துவிட்டு, மிச்சத்தை என் கையில் கொட்டினார். அதற்குள் உத்தரவுச் செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. நான் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் அப்படி மலர்ந்திருந்ததைப் பார்த்தேன். "புள்ள பொறந்த நேரம் பாத்தியா தம்பி" என்றார். பிறகுதான், "ஜாபிதா எப்பப் போகுது?" என்று கேட்டார்.

"போயிருச்சு அண்ணே. சனிக்கெழமையே அனுப்பியாச்சு" என்றேன். வாயில் கல்கண்டு இருந்தது.

"நீதான எழுதுனே?"

"ஆமாண்ணே."

"அப்பச் சரி. ஒன் கையெழுத்துல போனா நல்லபடியாத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். வயதுக் கட்டத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஐந்து வருஷமாகக் காலியாக இருந்தது இப்போதும் அப்படியே போயிருக்கும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அல்லது, அதைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் சொல்லவில்லை. மனு போட்டாலும் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வரியை இரண்டு தடவை படித்திருந்தேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதமும் அவரோடு ஒரே பெட்டியில் உட்கார்ந்து எழுதினேன். சம்சாரத்தையும் பிள்ளையையும் அழைத்துவர வேண்டும் என்று திருக்கோகர்ணத்தில் ஒரு சின்ன வீடு பார்த்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அடுப்படி கிழக்குப் பார்த்து இருக்கிறதா, தொட்டில் கட்ட உத்திரம் வாகாக இருக்கிறதா என்று கேட்டார். நான் உத்திரத்தை அண்ணாந்து பார்த்து, வாகாகத்தான் இருக்கிறது என்றேன். செய்ததைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் கசக்கிறது.

உத்தரவு வந்தது. எனக்கு நியமனம். அண்ணன் பெயருக்கு நேரே, வயது வரம்பைத் தாண்டியவர், இனி ஆபீஸுக்கு வர வேண்டியதில்லை என்று இருந்தது. சும்மா வேலை செய்யக்கூட அவருக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணியைக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டு திரும்பியிருந்த ஹெட் கிளார்க், ஜாபிதாவின் நகலை எடுத்து ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "அஞ்சு வருஷமா நான் எதுக்குடா கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்? புரை விழுந்ததுனாலயா?" என்றார். அதன்பிறகு அவர் ஓய்வு பெறும்வரை, வேலை விஷயம் தவிர என்னோடு பேசியதில்லை.

அண்ணன் அந்த நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சத்தம் போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்து நான் சுவரோரமாக நின்றேன். அவர் மடித்துக் கொடுத்துவிட்டு, பெட்டிமேல் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மைக்கூட்டை மூடிப் பையில் வைத்தார். "ஒனக்குக் கெடச்சதுல சந்தோசம் தம்பி. வாரேன்" என்றார். படியிறங்கும்போது தலைப்பாகையைக் கழற்றி வழக்கம்போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஜாதகத்தை வைத்து மூன்று மனுப் போட்டார். ஜாபிதா போன பிறகு வந்த மனு என்று மூன்றும் திரும்பிவிட்டன. அவற்றில் இரண்டைத் திருப்பி அனுப்பும் கடிதம் என் கையால் எழுதப்பட்டது. அதுதான் என் மேஜையின் வேலை. மாமனார் வீட்டில் இருக்க முடியாமல், பிறகு அவர் எங்கள் ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பலகையைப் போட்டு மனு எழுத உட்கார்ந்தார். பட்டா மாறவில்லை, கண்மாய்த் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பார். அவர் மரத்தடியில் எழுதுவது சாயங்காலத்துக்குள் என் மேஜைக்கு வந்துவிடும். நாள் தவறாமல் அவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டால் சிரிப்பார், சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த நல்ல உத்தரவுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். சம்பளமில்லாமல் யாரையும் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதை எல்லா ஆபீஸும் பணிவோடு ஏற்றுக்கொண்டன. ஆறு மாதத்துக்கெல்லாம் வேலை தேங்கியது. மறுபடியும் பையன்கள் வந்தார்கள். இந்தத் தடவை ஜாபிதாவே கிடையாது. இருந்தால்தானே கணக்குக் கேட்பார்கள்? முன்பு வரிசையாவது இருந்தது. அதுவும் போய், யார் முந்தி வந்தான் என்று சொல்லக்கூட ஒரு காகிதம் இல்லாமல் அவர்கள் எழுதினார்கள். நானும் எனக்கு ஒருவனை வைத்துக்கொண்டேன். இப்போது பேரப்பிள்ளைகள் பெரிய பெரிய கம்பெனிகளில் டிரெய்னிங் என்று சம்பளமில்லாமல் ஆறு மாதம், ஒரு வருஷம் போய்வருகிறார்கள். அனுபவம் கிடைக்கிறது என்கிறார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. புது சர்க்காரில் வேலை கிடைக்கும் என்று திருவரங்குளம், இலுப்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் பையன்கள் வந்து வேப்பமரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதியவர் அண்ணன்தான். எனக்கு அப்போது ஒரு படி உயர்வு வந்திருந்தது. அந்தத் தைரியத்திலோ, அல்லது அதை நினைத்து வெட்கமாக இருந்ததாலோ, ஒரு மத்தியானம் அவர் பலகைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். இத்தனை வருஷமாகப் பேசாததைப் பேசினேன். எங்கள் அப்பா வைத்த கெடுவைச் சொன்னேன். பயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறாக இருந்தது.

"என் எடத்துல நீங்க இருந்தா நீங்களும் அதத்தானண்ணே செஞ்சிருப்பீங்க?"

அவர் நிப்பைத் துணியில் துடைத்தார். கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார்.

"எழுதியிருப்பேன் தம்பி. காயிதத்துல உள்ளது அதுதான, எழுதாம என்ன பண்றது" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் பேனாவை மையில் தோய்த்தார்.

"ஆனா திங்கக்கெழம வரைக்கும் பொறுத்திருப்பேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு பையன் சர்ட்டிபிகேட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விடச் சொல்லி எனக்குக் கையைக் காட்டிவிட்டு, "வாப்பா, எந்த ஊரு நீ?" என்று கேட்டு எழுதத் தொடங்கினார்.